பாட்டீலின் சேற்றுப் பள்ளிக்கூடம்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்ததெல்லாம் தாராவிக்குப் பின்னால் கிடந்த சேற்றில். இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெரிய பெரிய காலேஜில் படித்த அவர்களுக்கு வாத்தியார் முகமே நினைவில்லை. எனக்கு என் வாத்தியார் திட்டின திட்டு ஒன்றுவிடாமல் மனப்பாடம்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணம் முடிந்து பம்பாய்க்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருவார். நான் யாரிடமும் பேச மாட்டேன். குழாயடியில் பாதிப் பேர் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். இல்லை என்று சொல்லலாம்தான். சொல்ல வேண்டுமென்றால் பேச வேண்டுமே என்று விட்டுவிட்டேன். எதிர்வீட்டு மைனி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். மிச்சமும் வைப்பாள்.

எங்கள் குடிசை வரிசைக்குப் பின்னால் காடி இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி வந்து வற்றிப் போகிற உப்பங்கழியை அங்கே காடி என்பார்கள். அதன் கரையில் கோளிவாடா. கோளிகள் மீன் பிடிக்கிறவர்கள். பம்பாயில் மற்ற எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அவர்கள் மட்டும் இருந்தவர்கள். அப்படித்தான் அவர்களுடைய தலைவர் சொல்லிக்கொள்வார். தலைவருக்கு அங்கே பாட்டீல் என்று பட்டம். தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்பில் முக்கோணமாக மடித்துக் கட்டின ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான் அவர் உடுப்பு. முன்பக்கம் பார்த்தால் மரியாதையாக இருக்கும். பின்பக்கம் பார்க்காமல் இருப்பது நமக்கு மரியாதை.

தண்ணீர் வற்றினால் சேற்றில் சிப்பி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, என் மாமியார் சட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினாள். நான், எதிர்வீட்டு மைனி, அடுத்த சந்திலிருந்து அக்கா தங்கச்சி இரண்டு பேர், ஆக நாலு பேர் போனோம். காலை வைக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு கத்தல். பாட்டீல் கையில் குச்சியோடு நிற்கிறார். அவர் பேசுவது பாதி மராட்டி, பாதி இந்தி. எங்களுக்கு அது எங்கள் ஊர்த் தமிழிலேயே காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏ மத்ராஸிப் பொம்பளைகளா! எந்த வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் கேக்காமக் கொள்ளாம நுழைவீகளா?"

"வீடு எங்க இருக்கு? சேறுதான கெடக்கு" என்றாள் மைனி.

"சேறா? குனி. மண்ணைத் தொட்டு நெத்தியில வை. உன் பேரச் சொல்லு. யாரு வந்துருக்கான்னு காடிக்குத் தெரிய வேண்டாமா?"

இதுதான் அவர்கள் வழக்கம். பெயர் சொல்லாமல் இறங்கினால் காடிக்குக் கோபம் வருமாம். மைனி மாட்டுங்கா வரைக்கும் கேட்கிற மாதிரித் தன் பெயரைச் சொன்னாள். அக்கா தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பம்பாய்க்கு வந்த பிறகு யாரும் என் பெயரைக் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் நான் அவர் சம்சாரம், குழாயடியில் புதுப் பொண்ணு, வீட்டில் 'ஏட்டி'. குனிந்து மெல்லமாகச் சொன்னேன்.

"என்ன, காடிக்கிட்ட ரகசியமா பேசுத? உரக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். அப்புறம்தான் இறங்க விட்டார்.

விரட்டுவார் என்று பார்த்தால், விரட்டவில்லை. பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். காரணம் பிறகு தெரிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடிகாலையில் தண்ணீர் ரொம்ப தூரம் வற்றும். அந்த நாட்களில் அவர் கோளிவாடாத் தெருவில் டின் தட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேற்றுக்கு அழைப்பார். எந்த மூலைக்கு என்ன பெயர், எந்த வீட்டுக்காரன் வலைக்கம்பு எங்கே, எந்தச் சேறு காலைத் தாங்கும், எது இடுப்பு வரைக்கும் இழுக்கும், எந்தப் பாட்டு எப்போது பாடணும் எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. ஒரு காலத்தில் தெருவே பின்னால் வந்ததாம். இப்போது டின் சத்தம் கேட்டால் தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். பிள்ளை சேற்றில் இறங்கினால் யூனிபாரம் வீணாகிறதாம். அவருடைய சொந்த மருமகளே முதலில் சாத்துவாள். திட்டுவதற்கு ஆளில்லாமல் மனுஷன் நொந்து கிடந்த நேரத்தில் நாங்கள் நாலு பேர் சட்டியோடு போய் நின்றிருக்கிறோம்.

பாடம் என்றால் சும்மா பாடமில்லை, பரீட்சையும் உண்டு. நேற்றுச் சொன்ன மூலையின் பெயரை இன்று சொல்லாவிட்டால் சட்டியில் எடுத்த சிப்பியைத் திரும்பச் சேற்றில் கொட்டிவிடுவார். குழம்புக்காக நாங்கள் படித்தோம். நான் ஐந்தாம் வகுப்பில்கூட அப்படிப் படித்ததில்லை. கடல் தாய்க்கு ஒரு பாட்டு. அர்த்தம் ஒரு சொல்கூடத் தெரியாமல் நாலு பேரும் கோரஸாகப் பாடுவோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கழுதை கத்தினாலும் ராகத்துல கத்தும்" என்பார்.

எங்கள் வீட்டுக்காரர்களையும் விட மாட்டார். ஷாப்பில் தோல் ஊறின தண்ணீரெல்லாம் காடியில்தான் வந்து விழும். "உன் புருசன் கால் கழுவின தண்ணியிலதான் என் மீன் செத்து மிதக்கு. நீ வந்து மிச்சத்தப் பொறுக்குத. நல்ல குடும்பம்!" என்பார். மைனிகூட அப்போது மட்டும் தலையைக் குனிந்து சிப்பி பொறுக்குவாள்.

அவருடைய முக்கியப் பாடம் ஒன்று. சேற்றுக்கு நடுவில் மேடாக ஒரு திட்டு. அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் உண்டு, எழுதினால் தமிழில் கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும், அதனால் திட்டு என்றே சொல்கிறேன். அதில்தான் வகுப்பு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம். தண்ணீர் திரும்பும்போது முதலில் அந்தப் பள்ளத்தில்தான் நிரம்பும். "காடி முகத்துக்கு நேரா வராது. முதுகுப் பக்கமா வரும். நீ தண்ணியப் பாக்காத, நண்டப் பாரு. சின்ன நண்டு பொந்துக்குள்ள போயி வாசலச் சேத்தால அடச்சுதுன்னா, பேச்ச நிறுத்து, கரைக்கு நட. நானே கூப்பிட்டாலும் நிக்காத."

"எங்க அத்தைக்குக்கூட இவ்வளவு பயந்ததில்ல, நண்டுக்குப் பயப்படணுமாம்" என்று மைனி முணுமுணுப்பாள். ஆனால் நண்டு வாசலை அடைத்ததும் முதலில் எழுந்திருக்கிறவளும் அவள்தான்.

வீட்டில் மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. "பள்ளிக்கூடத்துல அஞ்சு தாண்டல. இப்ப சேத்துல போயி மேப்படிப்புப் படிக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லிக்கொண்டே சிப்பிக் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வாள்.

அப்புறம் குப்பை லாரிகள் வந்தன. ஊர்க் குப்பையெல்லாம் காடியில் கொட்டி நிரப்பி, நிலமாக்க வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்தது. வடக்கு ஓரத்திலிருந்து கொட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிற்று. பாட்டீல் லாரிக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் மரியாதையாகக் கும்பிட்டு, லாரியைத் திருப்பி, பின்பக்கமாகக் கொட்டிவிட்டுப் போனான்.

"அந்தத் திட்டை மட்டும் விட்டுட்டாப் போதும். மிச்சத்தத் தின்னுட்டுப் போகட்டும்" என்றார் பாட்டீல். அதற்குமேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அந்தச் சமயம்தான் பண்பாட்டைக் காப்பாற்றுகிற ஒரு குழு அவரைத் தேடி வந்தது. படித்த பெரிய மனுஷர்கள் கூடி நடத்துகிற குழு. பழைய பழக்கவழக்கம் எங்கே சாகக் கிடக்கிறதோ அங்கே போய் மாலை போடுவார்கள். காரியதரிசி மாட்டுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர், ஆபீஸ் உத்தியோகம். நாங்கள் அவரை மாட்டுங்கா சார் என்போம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி கால் தூக்கித் தூக்கித் திட்டுக்கு வந்து சேர்ந்தார். பாட்டீலிடம் மராட்டியில் ஏதோ கேட்டார். பாட்டீல் குச்சியால் எங்களைக் காட்டினார். சார் கை கூப்பி எங்களிடம் மராட்டியில் நீளமாகப் பேசினார்.

"என்னவாம்?" என்றாள் மைனி என்னிடம்.

சார் முகம் வெளுத்துப்போயிற்று. "நீங்கள்ளாம்... தமிழா?"

"பின்ன? நீங்களும் தமிழுதான போல. அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்கிய?"

"அய்யோ, மெதுவாப் பேசுங்கோ. அவாளுக்குக் கேட்டுடப்போறது!"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மதராஸிகள் வேலையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்று சுவர் சுவராக எழுதிக்கொண்டிருந்த காலம். சாரே ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை இங்கிலீஷ் பத்திரிகைக்குள் வைத்துப் படிக்கிறவர். மண்ணின் மக்களுடைய பண்பாட்டைக் காப்பாற்ற வந்த இடத்தில் அதைப் படிக்கிற நாலு பேரும் மதராஸிப் பெண்கள் என்றால் அவர் குழுவில் என்ன முகத்தோடு நிற்பார்?

ஆனால் கெட்டிக்காரர். பாட்டீலைத் தனியே அழைத்துப் பேசினார். திட்டிலேயே பாட்டீலுக்கு ஒரு விழா எடுப்பார்களாம். குப்பையை எங்கே கொட்டுவது என்று தீர்மானிக்கிற பெரிய அதிகாரியையே விழாவுக்குக் கூட்டி வருவாராம். வகுப்பு உயிரோடு நடக்கிறது என்று அதிகாரி கண்ணால் பார்த்தால் திட்டை விட்டுவிடச் சொல்லி உத்தரவு போடுவாராம். படிக்கிற கோளிப் பிள்ளைகளை மட்டும் காட்டினால் போதுமாம்.

பாட்டீல் அன்றைக்கே கோளிவாடாவில் வீடு வீடாகப் போனார். விழா ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் மீன் அதிகம் விற்கிற நாள். பெண்கள் எல்லாரும் மாட்டுங்கா, செம்பூர் என்று கூடையோடு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு சினிமா. மருமகள் சொன்னாளாம்: "பாபா, பண்பாடு சோறு போடுமா? போடும்னா சொல்லுங்க, கூடைய எறக்கி வச்சிட்டு வாரேன்."

"அப்ப வேற வழியில்லை" என்று சார் எங்களைப் பார்த்தார். "ஒரு நாள் மட்டும் நீங்க கோளிப் பொம்மனாட்டியா நிக்கணும். வாயைத் திறக்கப்படாது. சிரிக்கலாம். அதுவும் பல் தெரியாம."

பாட்டீல் குதித்தார். "இவளுகளா? இவளுக நடையே கோளி நடை இல்ல!" கொஞ்ச நேரம் காடியைப் பார்த்தார். வடக்கே லாரி கொட்டுகிற சத்தம் கேட்டது. "பெத்ததெல்லாம் வரல. வந்ததெல்லாம் மத்ராஸி" என்று சொல்லித் தலையை ஆட்டினார். அதுதான் சம்மதம்.

விழாவுக்கு முதலில் குறித்த ஞாயிறு நல்ல நாள்தான். அதிகாரிக்கு வேறு எங்கோ மாலை விழ இருந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போன ஞாயிறு பௌர்ணமியை ஒட்டி விழுந்தது. அந்த நாட்களில் விடிகாலையில் வற்றின தண்ணீர் வெயில் ஏறுமுன் வேகமாகத் திரும்பிவிடும். பாட்டீல் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "காலையில சீக்கிரம் ஆரம்பிச்சு சீக்கிரம் முடிக்கணும். தண்ணி திரும்பிரும்" என்றார். "ரெண்டே வார்த்தைதான் பேசுவார், கவலைப்படாதேள்" என்றார் சார். வாழ்நாளெல்லாம் கடலிடம் ஏமாறாத பாட்டீல் அந்த ரெண்டே வார்த்தையிடம் ஏமாந்தார்.

அன்று விடிகாலையில் மருமகள்தான் எங்களுக்குச் சேலை கட்டிவிட்டாள். கோளிச் சேலை முழங்காலுக்கு மேல் நிற்கும், காலுக்கு நடுவே இறுக்கிச் செருகிவிடுவார்கள். கெண்டைக்கால் முழுக்க வெளியே. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர்கூட வெளிச்சத்தில் பார்க்காத கால் அது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. மருமகள் சிரித்துச் சிரித்துக் கட்டினாள். "பாபா, உங்க பொண்ணுக நல்லா இருக்காளுக. மீன் விக்க அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு போய்விட்டாள். வாசலில் என் மாமியார் பார்த்தாள். "என்னட்டி கோலம்? விழாவுக்குப் போறியா, சடுகுடு ஆடப் போறியா?"

திட்டின்மேல் பலகை போட்டு, நாற்காலி போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சேற்றில் கம்பளம். பாட்டீலுக்குக் குழுவினர் ஒரு கோட்டு கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். மேலே கோட்டு, கீழே முக்கோணக் கைக்குட்டை. அதிகாரி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வந்தவர் பளபளவென்று பூட்ஸ் போட்டிருந்தார். மண்ணைத் தொடவில்லை, பெயரும் சொல்லவில்லை, பலகைமேல் ஏறிப் போய் உட்கார்ந்தார். பாட்டீல் கை கூப்பி வரவேற்றார். எங்களை அத்தனை நாள் குனிய வைத்த மனுஷன்! நான் வாயைத் திறக்கக் கூடாதே, மனசுக்குள் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன்.

அதிகாரி பேசினார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். மைனிக்கு அதற்குள் கொஞ்சம் மராட்டி புரியும். அவள் எனக்குப் பின்னால் நின்று உதடு அசையாமல் சொன்னது: "தெக்கேருந்து வந்தவனெல்லாம் இந்த ஊர முழுங்குதானாம். ஆனா இந்தா நிக்காளுகளே, இவளுகதான் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரிகளாம். நம்ம மொகத்துல ஆயிரம் வருசத்துக் கடல் தெரியுதாம்." எங்கள் ஊரில் மாசி பிறந்தால் குளமே வற்றிவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போட்டோக்காரர் அதைத்தான் படம் பிடித்தார். கைதட்டினதில் மாட்டுங்கா சார் தட்டினதுதான் எல்லாவற்றிலும் பலமாகக் கேட்டது.

பிறகு பாட்டீலைப் புகழ ஆரம்பித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். சால்வை போட்டார்கள். தேங்காய் கொடுத்தார்கள். பாட்டீல் முகம் பொங்கல் பானை மாதிரி பூரித்திருந்தது.

நான் தலை குனிந்தே நின்றதால் என் கண் சேற்றில்தான் இருந்தது. என் கால் பக்கத்தில் ஒரு சின்ன நண்டு பொந்துக்குள் போயிற்று. சேற்றை உருட்டி வாசலை அடைத்தது. அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. மைனியின் இடுப்பில் கிள்ளினேன். அவள் பார்த்தாள். பாட்டீலைப் பார்த்தாள். பாட்டீல் தன் புகழைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சார் உதட்டில் விரலை வைத்தார்.

பேசக் கூடாது என்றால் பேசக் கூடாதுதானே. நாங்கள் நாலு பேரும் திரும்பி, பள்ளத்தைக் கடந்து, கரையைப் பார்த்து நடந்தோம். பாட்டீல் மேடையிலிருந்து கண்ணை உருட்டிக் கையால் கூப்பிட்டார். நானே கூப்பிட்டாலும் நிக்காத என்று சொன்னவர் அவர்தான். நாங்கள் நிற்கவில்லை.

கரையில் ஏறித் திரும்பிப் பார்க்கும்போது பள்ளத்தில் தண்ணீர் வெள்ளிக்கோடு மாதிரி ஓடிற்று. கொஞ்ச நேரத்தில் முழங்கால். அப்புறம் இடுப்பு. மேடையில் இன்னொருவர் ரெண்டு வார்த்தை பேச எழுந்தார். நாற்காலி அசைந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! கம்பளம் முதலில் கிளம்பிப் போயிற்று. குழுவினர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, காப்பாற்ற வந்த பண்பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதிகாரியைப் பாட்டீல் முதுகில் தூக்கி வந்து சேர்த்தார். ஒரு பூட்ஸ் காடியோடு போயிற்று. பெயர் சொல்லாமல் போனவர் பொருளையாவது கொடுத்துவிட்டு வந்தார் என்றாள் மைனி.

அதிகாரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மைனிக்கே புரியாத வேகத்தில் கத்தினார். மைனி சாரிடம் கேட்டாள், "என்ன சொல்லுதாவ?"

சாருக்குக் கால்சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஊர் கேட்கத் தமிழில் சொன்னார்: "இவ்வளவு ஆபத்தான இடத்தை இன்னும் ரொப்பாம வச்சிருக்கேளாங்கறார். நாளைக்கே ரொப்பச் சொல்லிட்டார்!"

எல்லாரும் போன பிறகு பாட்டீல் நனைந்த சால்வையோடு கரையில் உட்கார்ந்திருந்தார். "ஏன் சொல்லல?" என்றார்.

"வாயத் திறக்கக் கூடாதுன்னு சார் சொன்னாவளே" என்றாள் மைனி.

சால்வையைப் பிழிந்துகொண்டே, "நண்டு என் காலடியிலயும்தான் வாசல அடச்சிருக்கும்" என்றார். எங்களை அவர் திட்டாமல் அனுப்பின ஒரே நாள் அதுதான்.

அடுத்த மழைக்கு முன்னால் திட்டு போய்விட்டது. குப்பைமேல் மண், மண்மேல் தகரம், தகரத்துக்குள் குடித்தனம். முதலில் போய் இடம் பிடித்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். மண்ணின் மக்கள் என்று சுவரில் எழுதினவர்கள் அடுத்த வரிசையைப் பிடித்தார்கள். எங்கள் படம் பத்திரிகையில் வந்தது, அழிந்துவரும் கோளிப் பண்பாடு என்று. அது இன்னும் எங்காவது மாட்டியிருந்தால், இடது ஓரத்தில் தலை குனிந்து நிற்பது இந்தத் திருநெல்வேலிக்காரி.

பாட்டீல் வகுப்பை நிறுத்தவில்லை. அமாவாசை விடிகாலையில் டின் தட்டிக்கொண்டு புதுச் சந்துகளில் நடப்பார். குழாயடியில் நின்று, "இது இறால் ஓடை" என்பார். ஒரு வீட்டு வாசலில் குச்சியை ஊன்றி, "இங்க என் அண்ணன் வலைக்கம்பு" என்பார். உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் திட்டுவார்கள். பின்னால் நாங்கள் மூன்று பேர் போவோம். தங்கச்சிக்காரி டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டாள். சட்டி கிடையாது, சிப்பி கிடையாது. அப்படியும் போனோம்.

என் வீட்டுக்காரரும் அங்கே ஒரு அறை பிடித்தார். திட்டு இருந்த அதே இடம். பால் காய்ச்சுகிற நாள், மாமியார் அடுப்போடு உள்ளே போய்விட்டாள். எனக்கு மட்டும் காலை எடுத்து வைக்க வரவில்லை. வாசலில் குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்து, மெல்லமாக என் பெயரைச் சொன்னேன்.

"என்னட்டி அங்க முனங்குத? பாலு பொங்குது, வா" என்றாள் மாமியார்.

சந்தில் குச்சி சத்தம் நின்றது. பாட்டீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"உரக்கச் சொல்லு" என்றார். "இப்ப காடிக்கு மேல எவ்வளவு குப்பை கெடக்கு. எப்படிக் கேக்கும்?"

சொன்னேன். சந்து முழுக்கக் கதவு திறந்து பார்த்தார்கள். ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று அன்று சாயங்காலம் வரை குழாயடியில் அதுதான் பேச்சு.